உடம்பு பெருத்தால் எலும்புக்குள்ளும் கொழுப்பு சேருமா?

நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆட்டின் காலெலும்புக் குழாயிலிருந்து வழவழவென்று வெளியே வருவதில் பெரும்பகுதி கொழுப்புதான். மனிதருக்கும் அப்படியே. ஆரோக்கியமான, ஒல்லியான ஒருவரின் உடம்பில் உள்ள மொத்தக் கொழுப்பில் சுமார் 10 சதவீதம் எலும்புகளுக்கு உள்ளேதான் இருக்கிறது. தொப்பை கண்ணாடியில் தெரிகிறது, பேன்ட் இடுப்பில் இறுக்குகிறது, அதனால் அதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். எலும்புக்குள் இருப்பது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. மருத்துவ உலகமே வெகுகாலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிற சரக்கு என்ற அளவில்தான் அதற்கு மதிப்பு.

கடந்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணம் மாறிவிட்டது. அதிலும் உடல் பருமன் உள்ள பதின்ம வயதினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது எதிர்பாராத சில விஷயங்கள் தெரிய வந்தன. கேட்ட கேள்வி எளிமையானதுதான்: உடம்பு குண்டானால் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பும் கூடுமா? உடம்பு இளைத்தால் அதுவும் சேர்ந்து இளைக்குமா? பதில்தான் கொஞ்சம் வில்லங்கமானது.

சிவப்பு மஜ்ஜை, மஞ்சள் மஜ்ஜை

எலும்புக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதியை மஜ்ஜை என்கிறோம். இதில் இரண்டு வகை. சிவப்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. மஞ்சள் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு செல்கள். பிறந்த குழந்தையின் எலும்புகளில் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு மஜ்ஜைதான். வளர வளர, கை கால் விரல்களில் தொடங்கி, நீண்ட எலும்புகளின் நடுப்பகுதி வழியாக, உடம்பின் மையத்தை நோக்கி மஞ்சள் மஜ்ஜை பரவுகிறது. சுமார் 25 வயதில் இந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குப் பிறகு சிவப்பு மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மார்பெலும்பு, மண்டையோடு, தொடை மற்றும் மேல்கை எலும்புகளின் மேல்முனை ஆகிய இடங்களில்தான் மிஞ்சுகிறது. பெரியவர்களுக்கு மஜ்ஜைப் பரிசோதனை என்றால் ஊசியை இடுப்பெலும்பில் இறக்குவது இதனால்தான்.

ஆக, மஜ்ஜையில் கொழுப்பு இருப்பது நோய் இல்லை. இருக்க வேண்டிய ஒன்றுதான். 16 வயதுப் பிள்ளையின் முதுகெலும்பில் அது எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எல்லா மஜ்ஜைக் கொழுப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. கணுக்கால் பக்கம் இருப்பது சின்ன வயதிலேயே வந்து உட்கார்ந்துவிடும், பிறகு அவ்வளவாக அசையாது. முதுகெலும்பு, தொடை எலும்பின் மேல்பகுதி போன்ற இடங்களில் ரத்த அணுக்களுக்கு நடுநடுவே சிதறிக் கிடப்பது வேறு ரகம். சாப்பாடு, ஹார்மோன், உடல் உழைப்பு, மருந்து என்று எது மாறினாலும் அது கூடும் அல்லது குறையும். ஆய்வுகளில் பெரும்பாலும் இடுப்பை ஒட்டிய கீழ் முதுகெலும்பையே அளப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரே மாவு

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? சாப்பிட்ட எண்ணெய் நேராகப் போய் எலும்பில் இறங்கிவிடுவதில்லை. மஜ்ஜைக்குள் ஒருவகை ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை எலும்பைக் கட்டும் செல்களாகவும் மாறலாம், கொழுப்பு செல்களாகவும் மாறலாம். ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் ஊற்றலாம், ஆனால் தோசைக்கல்லில் போன மாவு இட்லிக்கு வராது இல்லையா, அதுபோலத்தான். கொழுப்பின் பக்கம் அதிக செல்கள் போனால் எலும்பு கட்டும் வேலைக்கு ஆள் குறையும்.

யார் எந்தப் பக்கம் போவது என்பதைப் பல சமிக்ஞைகள் தீர்மானிக்கின்றன. எலும்பின் மீது விழும் பளு, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை எலும்பின் பக்கம் தள்ளுகின்றன. அசையாமல் கிடப்பது, முதுமை, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை கொழுப்பின் பக்கம் தள்ளுகின்றன. இதற்குத் தெளிவான சாட்சி ஒரு சர்க்கரை நோய் மருந்து. ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை, செல்களைக் கொழுப்பு செல்லாக மாற்றும் ஒரு மரபணு சுவிட்சைத் தூண்டிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை குறையும், உண்மைதான். ஆனால் 2006இல் வெளியான பெரிய பரிசோதனை ஒன்றில், அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்று தெரிந்தது. மருந்து கொழுப்பின் பக்கம் தள்ளியதற்கு எலும்பு விலை கொடுத்தது.

2009இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கொழுப்பு நிறைந்த மஜ்ஜையில், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் அவ்வளவாகச் செழிப்பதில்லை. 'சும்மா கிடக்கிற சரக்கு' என்ற பெயர் அதற்குப் பிறகு நிலைக்கவில்லை.

பட்டினி கிடந்தாலும் கூடுகிறது

பருமனுக்குப் போகும் முன் அதற்கு நேர் எதிரான நிலையைப் பார்த்துவிடலாம். அனோரெக்ஸியா நெர்வோசா என்ற மனநோயில், பெரும்பாலும் இளம்பெண்கள், எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கி எலும்பும் தோலுமாக இளைத்துவிடுவார்கள். தோலுக்கடியில் கொழுப்பே இருக்காது. அப்படியானால் மஜ்ஜையிலும் இருக்கக் கூடாதுதானே?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையைச் சேர்ந்த மிரியம் பிரெடெல்லா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. அந்தப் பெண்களின் முதுகெலும்பிலும் தொடையெலும்பிலும் மஜ்ஜைக் கொழுப்பு சராசரி எடை உள்ளவர்களைவிட அதிகமாக இருந்தது. எலும்பு அடர்த்தியோ குறைவு. உடம்பு முழுக்கக் கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போது எலும்புக்குள் மட்டும் அது ஏறிக்கொண்டிருக்கிறது! மிகக் கடுமையான, உயிருக்கு ஆபத்தான பட்டினியில்தான் மஜ்ஜைக் கொழுப்பும் கரைந்து கூழ் போல ஆகிறது. அதற்கு முந்தைய கட்டம் வரை அது கூடவே செய்கிறது.

ஏன் என்பதற்கு ஒரு துப்பு 2014இல் கிடைத்தது. சாப்பாடு குறையும்போது ரத்தத்தில் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் கூடும். இன்சுலின் நன்றாக வேலை செய்ய அது உதவுகிறது. உணவைக் குறைத்த நிலையில் அந்த ஹார்மோனில் ஒரு பங்கை மஜ்ஜைக் கொழுப்பே சுரக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அதாவது, தட்டுப்பாட்டுக் காலத்தில் அதற்குச் சொந்தமாக ஒரு வேலை இருக்கிறது. மஜ்ஜைக் கொழுப்பு தொப்பைக் கொழுப்பின் கிளை அலுவலகம் இல்லை, தனிக் கணக்கு வைத்திருக்கும் ஓர் உறுப்பு என்று எடுத்துக்கொண்டால்தான் இனி சொல்லப்போவது புரியும்.

பருமனில் என்ன நடக்கிறது

மெலிந்தவர்களுக்கு அதிகம் என்றால் பருமனானவர்களுக்குக் குறைவு என்று நினைக்கத் தோன்றும். அதுவும் இல்லை. இதே பாஸ்டன் குழு 2011இல் மாதவிடாய் நிற்காத, உடல் பருமன் உள்ள பெண்களை ஆராய்ந்தது. வயிற்றுக்குள் குடல், கல்லீரல் ஆகியவற்றைச் சுற்றிப் படியும் கொழுப்பு யாருக்கு அதிகமோ அவர்களுக்கு முதுகெலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பு அதிகம். வளர்ச்சி ஹார்மோனின் வேலையை உடம்பெங்கும் செய்து முடிக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருள் யாருக்குக் குறைவோ, அவர்களுக்கும் மஜ்ஜைக் கொழுப்பு அதிகம்.

கவனிக்க வேண்டியது அந்த 'வயிற்றுக்குள்' என்ற சொல். மொத்த எடையை வைத்து மஜ்ஜையை ஊகிக்க முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் 15 முதல் 25 வயதுக்குள் இருந்த ஆரோக்கியமான இளைஞர்களை சி.டி. ஸ்கேனில் அளந்து 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மஜ்ஜைக் கொழுப்பு கூடினால் எலும்பின் அளவு குறைவு என்ற எதிர் உறவு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த இளைஞர்களின் உடல் எடைக்கும் மஜ்ஜைக் கொழுப்புக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. சாதாரண எடையில் இருக்கும்போது இரண்டும் தத்தம் வழியில் போகின்றன. பருமன் ஏறி, வயிற்றுக்குள் கொழுப்பு படிந்து, வளர்ச்சி ஹார்மோன் சுரப்பு குறையும்போதுதான் இரண்டும் கைகோர்க்கின்றன.

தெற்காசியர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனிக் கவலை உண்டு. அதே பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் எண்) உள்ள ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால்தான் மேற்கில் 30க்கு மேல் பருமன் என்றால் இந்தியாவில் 25க்கே பருமன் என்கிறார்கள். தராசில் 'பரவாயில்லை' என்று வரும் பையனின் இடுப்பில் டேப் வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம்.

"குண்டான பிள்ளைக்கு எலும்பு கெட்டி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரு வகையில் சரிதான். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் பருமனான பிள்ளைகளுக்கு அதே வயதுப் பிள்ளைகளைவிட எண் கூடுதலாகவே வரும். அதிக எடையைச் சுமக்கும் எலும்பு அதற்கேற்ப வளர்கிறது. ஆனால் சுமக்கும் எடையோடு ஒப்பிட்டால் அந்த வளர்ச்சி போதவில்லை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்ல்சா கோல்டிங் குழுவினர், முன்கை எலும்பு முறிந்து வந்த சிறுமிகளை 1990களின் பிற்பகுதியில் ஆராய்ந்தபோது, முறிவு ஏற்படாத சிறுமிகளைவிட அவர்களுக்கு எடை அதிகம், எலும்பு அடர்த்தி குறைவு என்று கண்டார்கள். முன்கை எலும்பு உடம்பைத் தாங்கி நடப்பதில்லை. அதனால் கூடுதல் எடையால் அதற்குப் பெரிய பலன் இல்லை. விழும்போது கையை ஊன்றினால் மட்டும் மொத்த எடையும் அதன் மேல் இறங்குகிறது.

இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. பருமன் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது வழக்கம். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் உடம்பின் கொழுப்பு அதை உள்வாங்கி வைத்துக்கொள்கிறது. அப்புறம், ஓடியாடுவது குறைவு. மூச்சு வாங்குகிறது, கேலி செய்வார்கள் என்ற பயம், விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்துவிடுவது. எலும்பின் பக்கம் செல்களைத் தள்ளும் பளு கிடைக்காமல் போவதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம்.

எடை குறைந்தபோது வந்த ஆச்சரியம்

சரி, எடையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுதான் இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

கடுமையான பருமனுக்கு இப்போது பதின்ம வயதிலேயே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். 13 வயதுக்கு மேல் கடுமையான பருமன் இருந்தால் அதற்குப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியே 2023இல் வழிகாட்டியிருக்கிறது. அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குறுகிய குழாயாகத் தைத்துவிடுவார்கள்.

பாஸ்டன் குழு 13 முதல் 24 வயதுக்குள் இருந்த 54 பேரை எடுத்துக்கொண்டது. சராசரி வயது சுமார் 18, சராசரி பி.எம்.ஐ. 45. அவர்களில் 25 பேர் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள், 29 பேர் ஆபரேஷன் இல்லாமல் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோடு இருந்தவர்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி ஸ்கேன். ஆபரேஷன் செய்தவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 12 புள்ளி குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 1.5 ஏறியிருந்தது. எடையைப் பொறுத்தவரை ஆபரேஷனுக்கு முழு வெற்றி. ஆனால் ஆபரேஷன் செய்தவர்களின் முதுகெலும்பில் அடர்த்தி குறைந்திருந்தது, மஜ்ஜைக் கொழுப்பு கூடியிருந்தது. முடிவு 2023இல் வெளியானது.

வயிறு, தொடை, கழுத்து என்று எல்லா இடத்திலும் கொழுப்பு கரையும்போது எலும்புக்குள் மட்டும் ஏற்றம். அனோரெக்ஸியா பெண்களிடம் பார்த்த அதே காட்சி. ஒருவகையில் காரணமும் அதேதான். வேகமாக எடை குறைவதை உடம்பு பட்டினியாகவே எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன தட்டுப்பாட்டுக் கால வேலை தொடங்கிவிடுகிறது. கூடவே சில மாற்றங்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். கிரெலினுக்கு எலும்பு கட்டும் செல்களைத் தூண்டும் குணமும் உண்டு. உடம்பின் கொழுப்பு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜென் தயாரிக்கும், அது குறைகிறது. 130 கிலோவைச் சுமந்த முதுகெலும்பு 95 கிலோவைச் சுமந்தால் போதும் என்றாகிவிட, பளுவும் குறைகிறது. சாப்பிடும் அளவு சுருங்கிவிடுவதால் கால்சியமும் புரதமும் குறைகின்றன.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை வேண்டும். மஜ்ஜைக் கொழுப்பை அளக்க எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் காந்தப்புலத்தில் சற்று வேறுபட்ட அதிர்வெண்ணில் பதில் சொல்லும், அதை வைத்து எது எத்தனை சதவீதம் என்று கணக்கிடலாம். ஊசி வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை. இது நம்பகமான அளவு. எலும்பு அடர்த்தியை சி.டி. மூலம் அளப்பதில்தான் சிக்கல். மஜ்ஜையில் கொழுப்பு கூடினால் சி.டி. காட்டும் அடர்த்தி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே 'அடர்த்தி குறைந்தது' என்பதில் ஒரு பகுதி கொழுப்பு செய்த கண்கட்டாகவும் இருக்கலாம். டெக்ஸாவுக்கும் இதுபோன்ற குறை உண்டு, சுற்றியுள்ள சதை குறையும்போது அதன் கணக்கும் தடுமாறும்.

அப்படியானால் ஆபரேஷன் வேண்டாமா?

அப்படி இல்லை. பி.எம்.ஐ. 45 உள்ள 17 வயதுப் பிள்ளைக்கு சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், தூக்கத்தில் மூச்சடைப்பு, ரத்த அழுத்தம் என்று வரிசையாகக் காத்திருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் ஆபரேஷனின் பலன் பெரிது. எலும்பை யாரும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதுதான் இங்கே சங்கதி. ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பில் 90 சதவீதம் வரை பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. முப்பதை நெருங்கும்போது உச்சம், பிறகு இறக்கம்தான். சேமிக்க வேண்டிய வயதில் செலவு தொடங்கினால் அதன் விளைவு ஐம்பதில், அறுபதில் தெரியும்.

மஜ்ஜைக் கொழுப்பைக் குறைக்க என்று தனி மாத்திரை எதுவும் மருந்துக் கடையில் இல்லை. உடற்பயிற்சிக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மாயா ஸ்டைனர் குழு, கொழுப்புத் தீனி கொடுத்துப் பருமனாக்கிய எலிகளைச் சக்கரத்தில் ஓட விட்டபோது மஜ்ஜைக் கொழுப்பு குறைந்தது, எலும்பும் மேம்பட்டது. இதற்கு மறுபக்கத்தை பிரான்ஸின் துலூஸ் நகரில் மனிதர்களிடமே பார்த்தார்கள். 2005இல், விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்காகப் பெண்களை 60 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முதுகெலும்பு மஜ்ஜையில் கொழுப்பு ஏறியது. எழுந்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பி ஓர் ஆண்டு ஆன பிறகும் அது முழுதாக இறங்கியிருக்கவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பெரியவர்களிடம் நடந்த, 2024இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. லிராகுளூட்டைடு என்ற எடை குறைப்பு ஊசி மட்டும் போட்டவர்களுக்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்தது. ஊசியோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு எடை அதைவிட அதிகமாகக் குறைந்தும் எலும்பு தப்பித்தது.

எலும்புக்கு எந்தப் பயிற்சியும் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமையானவை, ஆனால் தரையில் காலூன்றிக் குதிக்கும் அதிர்ச்சி அவற்றில் இல்லை. ஸ்கிப்பிங், கபடி, கால்பந்து, படியேறுவது, எடை தூக்குவது, இவைதான் எலும்புக்குப் பாடம் சொல்கின்றன. எடுத்த எடுப்பில் குதித்தால் கனமான உடம்பில் முட்டி வலி வரும். நடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைக்கு மருத்துவர் எழுதும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவது வீடுகளில் நடக்கும் சாதாரணத் தவறு. பையன் இளைத்துவிட்டான், பார்க்க நன்றாக இருக்கிறான், இனி மாத்திரை எதற்கு என்ற எண்ணம். எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது இரண்டாம் ஆண்டு ஸ்கேனிலும் தெரிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மாத்திரையின் அளவிலும் ஒரு விஷயம் உண்டு. கொழுப்பு வைட்டமின் டி-யை விழுங்கிக்கொள்வதால், பருமன் உள்ளவர்களுக்குச் சாதாரண அளவைப் போல 2 முதல் 3 மடங்கு தேவைப்படலாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2011இல் வழிகாட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து அதே அளவை வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, அந்த எண்ணை வைத்து மருத்துவர்தான் அளவைச் சொல்ல வேண்டும்.